ஊத்துக்குப் பக்கத்தில் ஒரு சம்படம்

சேந்தமங்கலம்
ஆனி 3

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் பேத்தியும் நலம்தானே. காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று நீ கோபமாக இருப்பது தெரியும். அப்போது கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை, தூசியில் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சீர் கொடுத்து அனுப்பினேன், வந்து சேர்ந்திருக்கும். அந்தக் கொலுசு வீட்டில் பார்த்துப் பார்த்து வாங்கியது, பெரிதாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நம் போர்வெல் வண்டிக் கம்ப்ரசர் அண்ணன் பந்தியில் மூன்று தடவை உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் மாறவே வேண்டாம்.

இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். நம்பரை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். போனில் நீ பாதியிலேயே சிரித்துவிட்டு மத்தியப் பிரதேசத்து நீமச்சில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவர் கதைக்குப் போய்விடுவாய். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்தாள். பேரனுக்குப் பதினொரு வயது. அவனுக்கு அங்கே ஒரு விளையாட்டு, ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்கேயோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை எழுதிவைப்பார். போனைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன நோட்டு இருக்கும், அதில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்பில் இன்னொன்றை வைக்க வேண்டும். அப்புறம் எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே திருப்பி வைத்துவிட்டு வர வேண்டும். உலகம் முழுக்க இப்படி முப்பது லட்சத்துக்கும் மேல் ஒளித்துவைத்திருக்கிறார்களாம்.

இது தொடங்கிய கதையைப் பேரன் சொன்னபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அதை எடுத்துவிட்டார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்துக் காட்டில் ஒரு பக்கெட்டை ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் எழுதிவிட்டார். அந்த மே மாதம் நாம் எங்கே இருந்தோம்? ராஜஸ்தானில், அந்தப் பெரிய வறட்சியில். பகலில் துளை போடுகிற ராடைக் கையால் தொட முடியாது. ராத்திரியில் போர்வெல் போட்டோம், தண்ணீருக்காகப் பெண்கள் விடிய விடிய வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தின் அந்த மூலையில் ஒருவர் விளையாட்டுக்கு ஒளித்துவைத்த அதே நாட்களில் நாம் இங்கே தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். இதை நினைத்து எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகளும் மாப்பிள்ளையும் முதல் நாளே கொல்லிமலைக்குப் போய், பேரனுக்காக வீட்டளவில் ஒரு வேட்டையைத் தயார் செய்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய், எழுபது வளைவும் ஏறினோம். முதல் துப்பு செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் கிடைத்தது. இரண்டாவது சோளக்காட்டில், பலாப்பழம் விற்கிற ஒரு அம்மாவிடம். அவர் கொடுக்க மறந்துவிட்டுப் பழத்தை அறுத்து எல்லோருக்கும் சுளை கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது துப்பை மகள் விடுகதையாகவே எழுதியிருந்தாள்:

"கதவில்லாத வீட்டில் கைநீட்டும் தண்ணீர். நிமிர்ந்தவருக்குக் கிடைக்காது, குனிந்தவருக்குக் கிடைக்கும்."

கீழே ஒரு எண். அதைப் போனில் போட்டதும் அம்புக்குறி இறக்கத்தைக் காட்டியது. எந்த வளைவு என்று உனக்கு எழுதமாட்டேன். நீயே வந்து தேட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் பலகை வைத்து நம்பர் போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தி நடந்தோம். பாறை சுவர் மாதிரி நிற்கிற இடத்தில் சிக்னல் மோதித் திரும்புகிறது. அம்பு ஒருமுறை ரோட்டைக் காட்டும், ஒருமுறை பள்ளத்தைக் காட்டும். பேரன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "இனிமே கண்ணுதான் அப்புச்சி" என்றான். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. ரோடு போட மலையை வெட்டிய முகம் அது. வெட்டின இடத்தில் கருங்கல், நடுவே குறுக்காக ஒரு விரிசல். விரிசலில் யாரோ மூங்கிலைப் பிளந்து செருகியிருக்கிறார்கள். அதிலிருந்து தண்ணீர் விழுகிறது. கீழே கல்லில் குழி விழுந்து தொட்டி மாதிரி ஆகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஈர மண்ணில் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் முப்பது நாற்பது உட்கார்ந்திருந்தன. நாங்கள் நின்றிருந்த நேரத்திலேயே ஒரு வேன்காரர் நிறுத்தி ரேடியேட்டருக்குப் பிடித்துக்கொண்டு போனார்.

பேரன் டப்பாவைத் தேடுகிறான், நான் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன் பங்காளி. எத்தனை போர்வெல்? நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்டதை எண்ணி முடிக்க முடியுமா? அந்தக் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயராம், மாப்பிள்ளை சொன்னார். பெயர் எதுவாக இருந்தால் என்ன, அதில் ராடு நுனியில் கல்லைத் துளைக்கிற பட்டன் பிட் எப்படித் தேயும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அதற்குள் தண்ணீர் ஓடுகிற விரிசலாக ஒரு கேப் கிடைக்க வேண்டும் என்றுதானே இருபது அடி ராடை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினோம். ஐம்பது ராடு இறங்கினால் ஆயிரம் அடி. வெறும் வெள்ளைத் தூளாகப் பறக்கும், தோட்டக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி அந்தத் தூள் நனையாதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நாம் கம்ப்ரசர் பக்கம் திரும்பிக்கொள்வோம். நாம் ஆயிரம் அடியில் தேடிய அதே கேப் இங்கே கண்ணுக்கு நேராக, இடுப்பு உயரத்தில், திறந்து கிடக்கிறது. மேலே பெய்த மழை மண்ணில் இறங்கி, கல்லின் விரிசலைப் பிடித்து, மலையை வெட்டிய இடத்தில் வெளியே வருகிறது. டீசலும் இல்லை, மோட்டாரும் இல்லை. குனிந்து இரண்டு கையால் பிடித்துக் குடித்தேன். வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனையில் நீ ஓங்கி ஓங்கிக் கைதட்டியது ஞாபகம் வந்தது. அன்று மூன்றாவது மலை ஏறின களைப்பில் குடித்த தண்ணீருக்கு அப்புறம் இப்போதுதான் அந்தக் குளிர்ச்சி பல்லில் பட்டது.

குனிந்தபோதுதான் சம்படமும் தெரிந்தது. விரிசலுக்கு இடதுபக்கம், முழங்கால் உயரத்தில், பாறை உள்வாங்கியிருக்கிற இடத்தில் இரண்டு கல்லுக்குப் பின்னால். விடுகதையின் அர்த்தம் அப்போதுதான் முழுதாகப் பிடிபட்டது. நான் பேரனிடம் சொல்லவில்லை. "தாகமா இருந்தா குடிடா" என்று மட்டும் சொன்னேன். குடிக்கக் குனிந்தவன் போட்ட சத்தத்தில் எதிரே போன பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே தின்கிற பொருள் எதுவும் வைக்கக்கூடாது என்பது விதி. குரங்கும் எறும்பும் தேடி வந்துவிடும். இன்னொரு விதியை அவன் சொன்னபோது நான் திரும்பக் கேட்டேன்: மண்ணைத் தோண்டிப் புதைக்கவே கூடாதாம். கல்லுக்கு அடியில், மரப்பொந்தில், இலைக்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் குழி தோண்டக்கூடாது. அந்த இடம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். டப்பாவே இல்லாமல் ஒரு வகையும் உண்டு, 2004-லிருந்து நடக்கிறது. எர்த்கேச் என்று பெயர். பாறை, அருவி, ஊற்று இப்படி ஒரு இடத்துக்குப் போய்ப் பார்த்து, அளந்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினால் அதுதான் கண்டுபிடித்ததற்கு அடையாளம்.

"அப்ப இதை அளக்கலாமா?" என்று கேட்டேன். அந்த நேரம் மலைக்காரப் பாட்டி ஒருவர் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார். பதினைந்து லிட்டர் குடம். அவரிடம் கேட்டு வாங்கி மூங்கிலுக்கு அடியில் வைத்தேன், பேரன் போனில் நேரம் பார்த்தான். மூன்று தடவை வைத்தோம். 49, 51, 50 வினாடி. ஐம்பது என்று வைத்துக்கொள். நிமிடத்துக்கு 18 லிட்டர், மணிக்கு 1,080. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 26,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி இரண்டுக்கு மேல், தினமும், யாரும் கேட்காமல் வந்துகொண்டிருக்கிறது. போர் தண்ணீருக்கு நாம் சொல்கிற இஞ்சுக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வளைவுக்குக் கீழே எட்டு வீடும் ஒரு வாழைத்தோப்பும் இதை நம்பித்தான் இருக்கிறது.

பாட்டி குடத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னார்: "எங்க பாட்டன் காலத்துலயும் இது நின்னதில்ல சாமி. இந்த ரெண்டு வருசமாத்தான் சித்திரையில நூலாட்டம் போவுது. மேல காட்டை வழிச்சுட்டாங்க."

மேலே ஏறிப் பார்க்காமல் என்னால் வர முடியவில்லை. மகளை வண்டியில் இருக்கச் சொல்லிவிட்டு நானும் மாப்பிள்ளையும் ஒற்றையடிப் பாதையில் போனோம். ஊத்துக்கு நேர் மேலே, முந்நூறு நானூறு அடி தள்ளி, ஐந்து ஏக்கர் இருக்கும். மரமெல்லாம் எடுத்து மட்டம் பண்ணியிருக்கிறார்கள். கம்பிவேலி. கீழ்நாட்டுக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறாராம், தங்கும் விடுதி கட்டப்போகிறாராம். காவலுக்கு இருந்த பெரியவர் நல்லவர், சுற்றிக் காட்டினார். ஈசான்ய மூலையில் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு நடுவில் செங்கல் வைத்திருந்தது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்துப் புள்ளி குறித்தாகிவிட்டது. ஆடி போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆவணி பிறந்ததும் போர். எத்தனை அடி என்று கேட்டேன். "தண்ணி வர்ற வரைக்கும்" என்றார்.

எந்த ஊர் வண்டி என்று கேட்டேன். திருச்செங்கோடு என்றார். போர் வண்டிகளுக்குப் பேர்போன ஊர், அது கேட்காமலே தெரியும். அப்புறம் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

நம் பையன் பெயர். உன் மகன்.

பங்காளி, இதைத்தான் சொல்ல வந்தேன். இதற்காகத்தான் இரண்டு நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் புள்ளியில் போர் போட்டால் ஊத்து போய்விடும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. கல்லுக்குள் யார் பார்த்தது? ஆனால் விரிசல் ஓடுகிற திசை அந்த வேலியை நோக்கித்தான் போகிறது. பாறை முகத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மேலே போய் மறுபடி பார்த்தேன். இரண்டாயிரத்து மூன்று கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டம். அறுநூற்று நாற்பது அடியில் கேப் கிடைத்து நாம் கத்திக்கொண்டிருந்தபோது, முந்நூறு அடி தள்ளி அடுத்த தோட்டத்து போரிலிருந்து சங்கு ஊதுகிற மாதிரி காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. நம் கம்ப்ரசர் காற்று. நாலாவது நாள் அந்த போரில் மோட்டார் வெறுங்காற்றை இழுத்தது. அந்தப் பெரியவர் நம்மிடம் வந்து சண்டை போடவில்லை. நாம் வண்டியைக் கிளப்புகிறபோது தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். நீ வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் வாங்கிக் குடித்தேன். இன்றைக்கு வரைக்கும் அது என் தொண்டையில்தான் நிற்கிறது. அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசினதில்லை.

அன்று நமக்குத் தெரியாது. போட்ட பிறகுதான் தெரிந்தது. இந்தத் தடவை போடுவதற்கு முன்னாலேயே தெரிகிறது. அதனால்தான் விட முடியவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "நம்ம வண்டி போகலன்னா இன்னொருத்தன் வண்டி போகும்." உண்மைதான். வெறுமனே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை, அதை நான் கேட்கவில்லை. நிலத்துக்காரர் உன் வீட்டை நம்பி வந்திருக்கிறார். டிரில்லர் சொன்னால் கேட்பார்கள், ஊர்க்காரர் சொன்னால் கேட்க மாட்டார்கள். பையன் போய் அவரிடம் மூன்று விஷயம் பேசட்டும். ஒன்று, புள்ளியை அந்தப் பக்கச் சரிவுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கட்டும். முகட்டுக்கு அந்தப் பக்கம் கல்லின் சாய்வு வேறு. இரண்டாவது, விடுதியின் கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தொட்டி. ஐப்பசி கார்த்திகையில் அங்கே கொட்டுகிற மழைக்கு அது சும்மா நிறையும். மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, மாப்பிள்ளை சொன்னது. சிக்கிமில் 2008-லிருந்து அரசாங்கமே செய்கிறார்களாம். ஊற்றுக்கு மேலே இருக்கிற சரிவில், சம மட்டத்தில் குறுக்குக் குழிகள் வெட்டி, ஓடுகிற மழையை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகிறார்கள். செத்துப்போன ஊற்றுகள் சில திரும்ப வந்திருக்கின்றன. இமயமலைப் பக்கம் ஊற்றுகளில் பாதி வற்றியோ குறைந்தோ போய்விட்டது என்று நிதி ஆயோக் அறிக்கையே 2018-ல் சொல்லியிருக்கிறது. நம் மலையில் யார் எண்ணியிருக்கிறார்கள்?

நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பார். ஊத்துக்குளி. கதித்தமலையில் அகத்தியர் தாகத்துக்கு முருகன் வேலால் குத்தி ஊற்று வரவைத்த குழி, அதனால் ஊற்றுக்குழி என்று உன் ஆத்தா நமக்குக் கதை சொல்லுவாரே. அவர் காலத்தில் எருது பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி இறைத்த கிணற்றில் எருது பின்வாங்கி நின்றால் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் தெரியும் என்பார். அதே தோட்டத்தில்தான் நீ கடைசியாக ஆயிரத்து நூறு அடி போட்டாய். வெறும் தூள். அன்று நீ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ராடைக் கழற்றவும் சொல்லவில்லை. நான்தான் பையன்களுக்குச் சைகை காட்டினேன்.

பையனிடம் கோபப்படாதே. அவனுக்கு அங்கே ஊத்து இருப்பதே தெரிந்திருக்காது. புள்ளி குறித்தவர் அட்டையை வாங்கிப் போயிருப்பார், அவ்வளவுதான். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை, நான் நேரிலேயே பேசிக்கொள்கிறேன். ஆனால் நீ கூட நிற்க வேண்டும். ஒரு நாள் வாடகை போகும். தவணை கட்டுகிற வண்டிக்கு ஒரு நாள் வாடகை என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அதை நான் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன். உனக்கு அது பிடிக்காது.

சம்படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. பேரன் உள்ளே இருந்த ஒரு சின்ன பம்பரத்தை எடுத்துக்கொண்டு, சிங்கப்பூர் நாணயம் ஒன்றை வைத்தான். நான் என் சாவிக்கொத்தில் கோத்திருந்த தேய்ந்த பட்டனைக் கழற்றி வைத்தேன். நம் முதல் பிட்டில் விழுந்தது, நீதான் எடுத்துக் கொடுத்தாய். அதே மதிப்பில் எதை எடுப்பது என்று தெரியவில்லை, அதனால் எடுக்கவில்லை. நோட்டில் பேரன் பெயருக்குக் கீழே நம் பழைய வண்டி நம்பரை எழுதி, என் பெயரை எழுதி, பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பேரனுக்கு இன்னும் பத்து நாள் லீவு இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரவள்ளியில் டீக்கடை முன்னால் நிற்போம். பையனையும் கூட்டிக்கொண்டு வா. அண்ணியும் வந்தால் மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போய்விட்டு வரலாம். முழங்கால் வலிக்கு அந்தத் தைலத்தை மறக்காமல் தடவிக்கொண்டு வா, கொஞ்சம் ஏற வேண்டியிருக்கும். குடம் நான் கொண்டு வருகிறேன். நேரம் நீ பார்.

உன் பங்காளி